தில்லி வீட்டில் வெட்டிவேர் தைலம்: எல்லாப் பருவத்திலும் பயன்படுத்திப் பார்த்ததில்

பழைய தில்லிக் கடைத்தெருக்களான தரீபா கலானிலோ காரி பாவ்லியிலோ போய், வெட்டிவேருக்கு இந்தியில் சொல்லும் ‘கஸ்’ என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் கஸ் அத்தர்தான் எடுத்துத் தருவார்கள். ‘ரூஹ் கஸ்’ என்று கேளுங்கள். அது வேரை மட்டும் வடித்த தைலம். அத்தரில் அந்த மணம் சந்தன எண்ணெயிலோ, மலிவுச் சரக்கென்றால் லிக்விட் பாரஃபினிலோ ஏறியிருக்கும். சட்டையில் தடவ அத்தர் போதும். வாசனையை அறையில் பரப்பும் டிஃப்யூசர் கருவிக்கும் உடம்பில் தேய்க்கும் எண்ணெயில் கலக்கவும் தைலம்தான் வேண்டும்.

அத்தருக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செப்புப் பாத்திரத்தில் வடித்தது லேசாகப் பச்சை தட்டும். செம்பு கொடுக்கும் நிறம் அது. ஸ்டீல் கலனில் நீராவியால் எடுத்தது தேன் நிறம். ஊரிலிருந்து வரும் கடலூர்ப் பக்கத்து மணல் வேரின் தைலமும், வடக்கத்திக் காட்டு வேரின் தைலமும் மணத்தில் மட்டுமல்ல, சேர்மானத்திலும் வேறு. ஆய்வகத்தில் ஒரே தளத்தில் அதிரும் ஒளியை (துருவப்பட்ட ஒளி) ஊடே விட்டால், வடக்கத்தியது அந்தத் தளத்தை இடப்பக்கம் திருப்பும், தெற்கத்தியது வலப்பக்கம்.

கடையில் நின்று முகர்ந்து முடிவெடுக்காதீர்கள். முதல் கால் மணி நேரம் ஈர மண்ணும் உருளைக்கிழங்குத் தோலும் கலந்த பச்சை நெடிதான் வரும். காகிதப் பட்டையில் ஒரு சொட்டு வாங்கி வந்து வீட்டில் வையுங்கள். சாயங்காலம் மர வாசனை எழும், மறுநாள் அடியில் ஓர் இனிப்பு தங்கும். நல்ல சரக்கு நாள் கணக்கில் நிற்கும். குசிமால், வெட்டிவோன் போன்ற கனமான கூறுகள் மெதுவாகத்தான் ஆவியாகும். அதனால்தான் வடிக்கவே 18 முதல் 24 மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகிறது. விறகையும் கூலியையும் மிச்சம் பிடிக்க அடுப்பைச் சீக்கிரம் அணைத்தால் கனமான பகுதி வேரிலேயே தங்கிவிடும். பச்சை நெடி மட்டும் தூக்கலாக, அடிமணமே இல்லாமல் இருக்கும் பாட்டில்களில் பல இந்த ரகம்.

கலப்படம் பார்க்க எல்லாரும் சொல்லும் காகிதக் கறைச் சோதனை இதற்கு உதவாது. சுத்தமான தைலமே மெதுவாகத்தான் காயும், கறையும் விடும். 80 சதவீத எத்தனால் கிடைத்தால் ஒரு சொட்டுக்கு இரண்டு மூன்று சொட்டு விட்டுக் கலக்குங்கள். தேங்காயெண்ணெய் போன்றவை சேர்ந்திருந்தால் கலங்கும். விளக்கெண்ணெய் ஆல்கஹாலில் கரைந்துவிடுமாதலால் இதில் மாட்டாமல் போகலாம்.

ஜனவரிக் குளிரில் தைலம் இறுகி டிராப்பரில் ஏறாது. மூடியை இறுக்கி, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் நிறுத்தினால் போதும். அடுப்போ மைக்ரோவேவோ வேண்டாம். ரப்பர் குமிழ் டிராப்பரைப் பாட்டிலிலேயே விட்டு வைத்தால் ரப்பர் ஊறிப்போய் தைலத்தில் நாறும்.

உடம்புக்கு 30 மில்லி நல்லெண்ணெயில் 6 சொட்டு, அதாவது சுமார் ஒரு சதவீதம். முகத்துக்கு அதில் பாதி. (தேங்காயெண்ணெய் இங்கே டிசம்பரில் கல்லாகிவிடும்.) வெயில் பட்டால் தோல் கறுக்கும் வகைத் தைலமல்ல இது, அலர்ஜி தருவதும் குறைவு. ஆனாலும் என்ன கலந்திருக்கிறதென்று தெரியாத பாட்டில்தான் உண்மையான ஆபத்து. கலந்த எண்ணெயை முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மே மாதத்தில் பலரும் செய்கிற வேலை, கூலர் தொட்டியில் தைலத்தைக் கொட்டுவது. அது தண்ணீரில் கரையாது. பம்பிலும், தண்ணீர் ஊறும் பக்கவாட்டுப் பேடிலும் பிசுபிசுவென ஒட்டிக்கொண்டு தூசியை இழுக்கும். பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு, காற்று வெளிவரும் கிரில்லில் கட்டுங்கள். வேரால் செய்த கஸ் பேடே போட்டால் இன்னும் நல்லது. ஆனால் உப்புத் தண்ணீரில் அது இறுகி, பூசணமும் பிடிக்கும், ஒவ்வொரு கோடைக்கும் மாற்றியாக வேண்டும்.

அல்ட்ராசோனிக் டிஃப்யூசரில் 100 மில்லி தண்ணீருக்கு இரண்டு சொட்டு. அதோடு இரண்டு சொட்டு ஆரஞ்சுத் தைலம் சேர்த்தால் இளகிப் பரவும். தனியாக விட்டால் தட்டில் பழுப்பு கோந்து படிந்து புகை குறையும். வாரம் ஒருமுறை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அரை மணி ஓடினால் போதும். நவம்பரில் ஜன்னலைச் சாத்திவிட்டு இரவு முழுக்க ஓட்டுவது தப்பு. ஏர் பியூரிஃபையர் காட்டும் பிஎம் எண் (காற்றிலுள்ள நுண்துகள் அளவு) ஏறுவதே காட்டிக்கொடுக்கும், அந்த நுண்துளிகளைத்தான் நாமும் இழுக்கிறோம். ஆஸ்துமா இருப்பவர் அறையிலும், கைக்குழந்தையோ பூனையோ இருக்கும் அறையிலும் வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கஸ் சர்பத்தில் ஒரு சொட்டு சேர்க்கலாமா என்றால், கூடாது. பானைத் தண்ணீரில் போடக் கழுவிய வேர் இருக்கிறதே! குழந்தை தைலத்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எய்ம்ஸில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

இதை முகர்ந்தால் தூக்கம் வரும் என்று சொல்வார்கள். அதற்கு மனிதர்களிடம் உறுதியான ஆதாரம் குறைவு. இந்த வாசனை பிடித்தவர்களுக்கு மனசு அடங்கும், பிடிக்காதவர்களுக்குத் தலைவலிதான்.

முதலில் 5 மில்லி வாங்குங்கள். பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில், வெயில் படாத அலமாரியில் வைத்தால், எலுமிச்சைத் தைலம் கெட்டுப்போகும் காலத்தில் இது பச்சை நெடி அடங்கி இன்னும் மென்மையாகும்.