பிளக்கைப் பிடுங்குவதா, கர்னலை விழத்தட்டுவதா?

காரைக்குடியில் பழைய வளவு வீடொன்றின் பின்கட்டில் எங்கள் சர்வர் இருக்கிறது. கண்டாங்கிச் சேலை வியாபாரத்தின் பில்லிங், கணக்கு, கோப்புகள் என மூன்று மெய்நிகர் கணினிகள் கேவிஎம் (ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் லினக்ஸ் வசதி) மீது அதில் ஓடுகின்றன. ஹோஸ்ட், அதாவது இவற்றைச் சுமக்கும் அந்த சர்வர், திடீரென்று நின்றால் இவை பிழைக்குமா என்று சோதிப்பதற்கான வழிகள் எல்லாம் ஒரே பலனைத் தருவதாகப் பலர் எண்ணுகிறார்கள்.

முறையான ஷட்டவுனில் அறியக்கூடியது குறைவு: காத்திருப்பு நேரத்துக்குள் எல்லாம் அடங்குகின்றனவா என்பது மட்டுமே.

கர்னலை (இயங்குதளத்தின் மையத்தை) விழத்தட்டுவது, அதாவது சிஸ்ஆர்க்யூ என்னும் லினக்ஸின் அவசரக் கட்டளை வசதி வழியே 'சி' என்ற எழுத்தை ரூட் பயனராக எழுதுவது, கேடம்ப் (கர்னல் விழும்போது நினைவகத்தைப் பதிவுசெய்து வைக்கும் கருவி) சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க மிகச் சிறந்த வழி. அதற்கான நினைவகத்தைப் பூட் ஆகும்போதே ஒதுக்கியிருக்க வேண்டும். ஆனால் அப்போதும் டிஸ்க்குக்கு மின்சாரம் வந்துகொண்டிருப்பதால், அதன் சொந்த கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) தங்கிய தரவு தட்டில் எழுதப்பட்டுவிடும். தேர்ச்சி பெற்றோம் என்று நாம் மகிழ்வது அரைகுறைத் தேர்ச்சிதான். (மெய்நிகர் கணினியை ஓட்டும் க்யூஇஎம்யூ நிரலை மட்டும் கொல்வது இன்னும் மோசம், ஹோஸ்டின் கேஷ் அப்படியே இருப்பதால், டிஸ்க்கில் எழுதப்படும்வரை காத்திராத 'அன்சேஃப்' கேஷ் முறைகூடப் பத்திரமானதுபோல் தோன்றும்.)

ஐபிஎம்ஐ என்னும் தொலைக் கட்டுப்பாட்டு வசதி வழியே பவரைத் துண்டித்தால் டிஸ்க்கும் அணைந்துவிடும். இது உண்மைக்கு நெருங்கிய சோதனை, நாற்காலியை விட்டு எழவும் வேண்டாம். எனினும் பிஎம்சி என்னும் சிறு கட்டுப்பாட்டுக் கணினி ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் உயிரோடிருக்கும். இரண்டு சர்வர்களைக் கிளஸ்டராக (ஒன்று விழுந்தால் மற்றொன்று ஏற்கும்படி) வைத்திருப்போருக்கு இதுவே பொறி: பிளக்கைப் பிடுங்கினால் பிஎம்சியும் சாகும், விழுந்த ஹோஸ்ட் அணைந்ததை மற்றொன்றால் அந்த பிஎம்சியிடம் கேட்டு உறுதிசெய்ய முடியாது, வேறு உறுதிப்படுத்தும் வழி அமைக்காவிட்டால் மெய்நிகர் கணினிகள் அங்கே எழாமலே போகலாம்.

ஆகவே என் தேர்வு பிளக்தான். மெய்நிகர் கணினிக்குள் வினாடிக்கொரு வரிசை எண்ணைத் தரவுத்தளத்தில் எழுதவிட்டு, எழுதியாயிற்று என்று உறுதியான எண்களை மட்டும் வேறொரு மடிக்கணினித் திரையில் ஓடவிட வேண்டும்; பவர் சப்ளை இரண்டு இருந்தால் இரண்டு கம்பிகளையும் பிடுங்க வேண்டும். திரையில் கடைசியாக நின்ற எண் தரவுத்தளத்தில் இல்லையென்றால், நடுவில் ஏதோ ஓர் அடுக்கு பொய் சொல்லியிருக்கிறது.

எங்களுக்கு எண்கள் பிசகவில்லை. கம்பியைத் திரும்பச் செருகியபோது சர்வர்தான் எழவில்லை. மின்சாரம் திரும்பினால் அணைந்தே இருக்கும்படி பயோஸில் அமைந்திருந்தது.