பழைய மாருதி 800-க்கு லிப், இன்டேக் கிட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் போடுங்கள்

அந்தக் கிட்டை எனக்கு விற்ற ஆள் நேற்று மாலைதான் என் எண்ணை பிளாக் செய்தான். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. 18,500 ரூபாய் போய்விட்டது.

வண்டி 2005 மாடல் மாருதி 800, அப்பா வாங்கியது. 796 சிசி, மூன்று சிலிண்டர், இன்றைக்கும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். நான் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. முன் பம்பருக்குக் கீழே லிப் என்ற மெல்லிய பட்டை, கருப்பு மெஷ் கிரில், பின்கதவின் மேல் விளிம்பில் சின்ன ஸ்பாய்லர், எஞ்சினுக்கு வெளிக்காற்று கிடைக்க ஒரு இன்டேக் குழாய், அவ்வளவுதான். கம்பெனியிலேயே அப்படி வந்தது போல இருக்க வேண்டும். வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது, ஆர்.சி. புதுப்பித்த வண்டி வேறு. அதனால் பாடியில் வெட்டு, வெல்டிங் எதுவும் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

2014-லேயே உற்பத்தி நின்ற வண்டிக்கு இதெல்லாம் கடைகளில் கிடைக்கவில்லை. அப்போதுதான் இணையத்தில் பக்கம் வைத்து கார் ஆக்சஸரீஸ் விற்கும் ஒரு கடை கண்ணில் பட்டது. போன் செய்தேன். எடுத்தவன் கேட்ட முதல் கேள்வியே, "அண்ணா, வண்டி கார்புரேட்டரா, எம்.பி.எஃப்.ஐ.யா?"

அந்த ஒரு கேள்வியில்தான் நான் விழுந்தேன். இரண்டும் எஞ்சினுக்குப் பெட்ரோல் கொடுக்கும் வெவ்வேறு முறைகள், இரண்டுக்கும் ஏர் ஃபில்டர் பாக்ஸ் வேறு என்று தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தேன். "எங்க வீட்டுலயும் 800 தாண்ணா, அப்பா ஞாபகமா வச்சிருக்கோம்" என்றான். லிப் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், 800-க்கென்றே அச்சு செய்தது, அப்படியே உட்காரும் என்றான். அன்று இரவே முழுப் பணமும் யு.பி.ஐ.யில் போட்டேன். 18,500.

இருபத்தாறு நாள் கழித்துப் பார்சல் வந்தது. லிப் ஏ.பி.எஸ். இல்லை, ஃபைபர். பின்பக்கம் இழை குத்துகிறது. வேறு ஏதோ வண்டிக்குச் செய்ததை நடுவில் அறுத்து ஒட்டியிருக்கிறார்கள். இன்டேக் கிட் என்று வந்தது வெறும் கோன் ஃபில்டரும் ஒரு நெளி குழாயும். வெளிக்காற்று வரும் இடத்துக்குக் குழாய் பாதி தூரம் கூட எட்டவில்லை.

போனில் கேட்டதற்கு, "ஃபிட் பண்ணிப் பாருங்க சார், அப்புறம் பேசலாம்" என்றான். அதையும் நம்பி மாட்டினேன். திருச்சி பைபாஸில் ஏ.சி. போட்டு ஓட்டினால் டெம்பரேச்சர் முள் மேலே மேலே போகிறது. மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பம்பர்ல இருக்குற ஓட்டைய இந்த லிப் பாதி மூடுது. ரேடியேட்டருக்குக் காத்து எங்கேருந்து வரும்? இந்த ஃபில்டர் வேற எஞ்சின் சூட்டையே திரும்ப உறிஞ்சுது." சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதில் பிக்கப் ஏறாது, குறையத்தான் செய்யும். இப்படியே நான்கு நாள் ஓட்டியிருந்தால் எஞ்சினுக்குள் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்பே போயிருக்கும். அப்பாவின் வண்டி!

மறுபடி கூப்பிட்டேன். "ஃபிட்டர் சரியாப் போடல சார்." மறுநாள், "ஓனர் வெளியூர்ல இருக்கார்." அடுத்த வாரம், "மாட்டிட்டீங்கல்ல, இனி ரிட்டர்ன் கிடையாது ப்ரோ." மாட்டிப் பார்க்கச் சொன்னவனே அவன்தான்! பணம் போடும்வரை அண்ணா, பார்சல் வந்ததும் சார், திருப்பிக் கேட்டதும் ப்ரோ. பில் கேட்டேன், பதில் இல்லை. 18,500 ரூபாயில் பாதியாவது கொடு என்றேன். நீல டிக் மட்டும் வந்தது. நேற்று பிளாக்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: முழுப் பணத்தையும் முன்னால் போடாதீர்கள். பில் தராதவனிடம் வாங்காதீர்கள். உங்கள் மாடல் வண்டியிலேயே அந்தப் பொருளை மாட்டி வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். பம்பர் ஓட்டையை மூடும் எதையும் மாட்டாதீர்கள். ஒரிஜினல் ஏர் பாக்ஸைத் தூக்கிப் போடாதீர்கள், நான் பரணில் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நாளைக் காலை லிப்பைக் கழற்ற ஒர்க்‌ஷாப் போகிறேன்.