அமெரிக்காவிலிருந்து வந்த வைட்டமின் ஈ 400: இதயத்துக்காகப் போட்டுக்கொள்ளலாமா?

கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வாங்கி வரும் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வந்து "இது நல்லதா தம்பி?" என்று கேட்கிறவர்கள் நிறைய. அவற்றில் வைட்டமின் ஈ 400 கேப்சூல்தான் அடிக்கடி கண்ணில் படுகிறது. இப்போது அதை விவரமாக எழுத வைத்தவர் என் பெரியப்பா. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சின்னக் கம்பி வலை) வைத்தவர். நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் அவருக்கு ஒரு பெரிய டப்பா வாங்கி வந்திருந்தான்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பில் குறையில்லை. மஞ்சள் நிறம், தெளிவான கேப்சூல், நம் ஊர் வெயிலிலும் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. வயதானவர்கள் விழுங்குவதற்குக் கொஞ்சம் பெரிசு. மேலுறை ஜெலட்டின், அதாவது விலங்கிலிருந்து எடுப்பது. சைவம் பார்க்கிற வீடுகளில் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

லேபிளுக்கு வருவோம். முன்பக்கம் இதயப் படம், இதய நலத்துக்குத் துணை என்ற வாசகம். பின்பக்கம் பொடி எழுத்தில், இந்தக் கூற்றை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மதிப்பிடவில்லை, எந்த நோயையும் குணப்படுத்தவோ தடுக்கவோ இது தயாரிக்கப்படவில்லை என்று ஒரு வரி. 1994-இல் அங்கே வந்த சட்டப்படி இப்படிப் போட்டுவிட்டு விற்கலாம். முன்பக்கத்தை எல்லோரும் படிக்கிறார்கள். பின்பக்கத்தை நான்தான் படித்துக்காட்ட வேண்டியிருக்கிறது.

அளவு 268 மில்லிகிராம், பழைய கணக்கில் 400 யூனிட். பக்கத்தில் தினசரித் தேவையில் 1787 சதவீதம் என்று அச்சடித்திருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 15 மில்லிகிராம்தான். சூரியகாந்தி எண்ணெய், வேர்க்கடலை, பாதாம் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. ஆனாலும் அந்த 1787-ஐப் பார்த்து "எவ்வளவு சத்து பார்!" என்று பெரியப்பா சந்தோஷப்பட்டார்.

இதயத்துக்கு நல்லது என்ற நம்பிக்கை சும்மா வரவில்லை. ரத்தத்தில் உள்ள எல்.டி.எல். கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையும்போதுதான் ரத்தக்குழாய்ச் சுவரில் அதிகக் கெடுதல் செய்கிறது, வைட்டமின் ஈ அதைத் தடுக்கும் என்பது கணக்கு. 1993-இல் அமெரிக்க நர்சுகள் 87,000-க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்த ஆய்வில், இதை எடுத்துக்கொண்டவர்களுக்கு இதய நோய் குறைவாகவே வந்திருந்தது. ஆனால் தானாக வைட்டமின் வாங்கிச் சாப்பிடுகிறவர் மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவராக இருப்பார். பலன் எதனால் வந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அதைப் பிரித்துப் பார்த்தது ஹோப் ஆய்வு. கேரளத்தில் பிறந்து கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் சலீம் யூசுப் தலைமையில் நடந்து, 2000-இல் முடிவு வெளியானது. 55 வயதைத் தாண்டிய 9,541 பேர். எல்லோரும் இதய நோயோ சர்க்கரையோ உள்ளவர்கள், அதாவது பெரியப்பா மாதிரி ஆட்கள். பாதிப் பேருக்கு இயற்கை வைட்டமின் ஈ, தினமும் 400 யூனிட். இந்த டப்பாவில் இருக்கும் அதே அளவு. மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் கேப்சூல். சராசரியாக நாலரை வருடம் கழித்துக் கணக்கெடுத்தால், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் வைட்டமின் பக்கம் 16.2 சதவீதம், வெறும் கேப்சூல் பக்கம் 15.5 சதவீதம். பலன் இல்லை.

அதே ஆய்வில், அதே ஆட்களிடம் ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரையையும் சோதித்தார்கள். இதே பாதிப்புகள் நேர்ந்தவர்கள், அதை எடுத்தவர்களில் 14 சதவீதம், எடுக்காதவர்களில் 17.8 சதவீதம். ராமிப்ரில் என் கடை ரேக்கிலேயே இருக்கிறது. டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தால் மலிவாகக் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டுக் கடல் கடந்து வருகிற கேப்சூலில் மக்கள் நம்பிக்கை வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது.

"வைட்டமின்தானேடா, போட்டா என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்டார் பெரியப்பா. கெடும். ஹோப் ஆட்களைத் தொடர்ந்து ஏழு வருடம் வரை கவனித்தபோது, வைட்டமின் பக்கம் இதயச் செயலிழப்பு கொஞ்சம் கூடுதலாக வந்திருந்தது. அமெரிக்க ஆண் டாக்டர்கள் 14,641 பேரிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில் மாரடைப்பு குறையவில்லை, மூளையில் ரத்தம் கசியும் பக்கவாதம் மட்டும் கூடியது. வைட்டமின் பக்கம் 39 பேர், மறுபக்கம் 23 பேர். எண்ணிக்கை சிறிசுதான். ஆனால் பெரியப்பா ஏற்கெனவே ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் போடுகிறவர். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை ஓடும் உடம்பில், ரத்தக்கசிவுக்கு வழிசெய்யக்கூடிய மூன்றாவதை டாக்டரைக் கேட்காமல் சேர்ப்பது ஆபத்து. ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையான வார்ஃபரின் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அப்புறம் அவர் கேட்டதுதான் என்னைப் பயமுறுத்தியது. "கொழுப்பு மாத்திரை போட்டா கால் வலிக்குது. இதைப் போட்டுக்கிட்டு அதை விட்டுடலாமா?" கூடவே கூடாது என்றேன். கால் வலியை டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், இல்லை வேறு மாத்திரை மாற்றிக் கொடுப்பார். ஸ்டென்ட் வைத்தவர் ஸ்டாட்டினை, அதாவது அந்தக் கொழுப்பு மாத்திரையை, தானாக நிறுத்திவிட்டு வைட்டமினை நம்பி இருப்பதுதான் இந்த டப்பாவால் வரக்கூடிய பெரிய கேடு. மறுநாளே அவரை இதய டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், வைட்டமின் ஈயை நிறுத்தச் சொன்னார்.

கொழுப்புக் கல்லீரலுக்கோ, கண்ணில் மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி) தேய்வுக்கோ, வேறு குறைபாட்டுக்கோ டாக்டரே வைட்டமின் ஈ எழுதியிருந்தால் அது வேறு விஷயம். இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். முகத்தில் தடவக் கேப்சூல் வாங்குகிறவர்களுக்கும் இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

இதய நோயைத் தடுக்க என்றால் இதற்கு நான் ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்க மாட்டேன். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவே 2014-இலும் திரும்ப 2022-இலும், இதய நோயையோ புற்றுநோயையோ தடுப்பதற்காக வைட்டமின் ஈ வேண்டாம் என்று பரிந்துரைத்திருக்கிறது. அண்ணனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த முறை வரும்போது மேல்கையில் கட்டிப் பார்க்கிற நல்ல பி.பி. மிஷின் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.