இரவு இரண்டு மணி ஏகாதசியும் என் மலர் மருந்துக் குப்பியும்: ஏழு வருட அனுபவம்

சிவகாசியில் காலண்டருக்கு ப்ரூஃப் பார்ப்பது என் வேலை. தினசரித் தாள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு விவரம் அடைபட்டிருக்கிறது என்பது கிழித்துப் போடுகிறவர்களுக்குத் தெரியாது. திதி, நட்சத்திரம், ராகு காலம், குளிகை, எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம். இதை 365-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கன்று புது காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும். அப்புறம் மூன்று நான்கு மாதம் தலை நிமிர முடியாது. ப்ளேட் போட்டு மெஷினில் ஏறிய பிறகுதான் என் தொல்லை ஆரம்பிக்கும். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். ஐப்பசி ஏகாதசியைப் பார்த்தோமா? பார்த்திருப்பேன், கையெழுத்தும் போட்டிருப்பேன். ஆனாலும் அந்த ஏகாதசி விடியும் வரை மண்டைக்குள் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும்.

2018 ஐப்பசியில் மதுரையிலிருந்து வந்த மதினிதான் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "இதுக்குன்னே ஒரு பூ இருக்கு, சாப்பிட்டுப் பாரு" என்றார். ஹோமியோ மருந்துக்கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் நான்கைந்து கேள்வி கேட்டுவிட்டு, சர்க்கரை உருண்டைகள் நிரம்பிய குப்பி ஒன்றைக் கொடுத்தார். மேலே பேனாவால் 'வொயிட் செஸ்ட்நட்' என்று எழுதியிருந்தது. விலை 60 ரூபாய்.

பூ என்றதும் வாசனை எண்ணெய் என்று நினைக்கிறவர்கள் பலர், நானும் அப்படித்தான் நினைத்தேன். குப்பியில் பூ வாசனை துளியும் கிடையாது. எட்வர்ட் பாட்ச் என்கிற ஆங்கிலேய மருத்துவர் ஏற்படுத்திய முறை இது. லண்டனில் கிருமியியல் ஆராய்ச்சியும் பிறகு ஹோமியோபதியும் பார்த்தவர், 1930-ல் நகரத்தையே விட்டுவிட்டுச் செடி தேடிக் கிளம்பினார். 1936-ல் இறப்பதற்குள் 38 மருந்துகளை முடிவு செய்துவிட்டார். பூவைக் கண்ணாடிக் கிண்ணத்து ஊற்று நீரில் மிதக்கவிட்டு மூன்று மணி நேரம் வெயிலில் வைப்பது ஒரு முறை. மரப் பூக்களில் பெரும்பாலானவற்றை அரை மணி நேரம் கொதிக்கவைக்கிறார்கள். அந்த நீரில் சம அளவு பிராந்தி சேர்த்தால் மூலக் கரைசல். அதில் இரண்டு சொட்டு 30 மில்லி பிராந்தியில் கலந்தால், கடையில் விற்கிற குப்பி. ஆக, பூவின் பொருள் என்று அதில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் மிஞ்சாது. 38-ல் ஒன்று பூவே இல்லை, வெறும் ஊற்று நீர். ராக் வாட்டர் என்று பெயர்.

இந்த 38 மருந்துகளும் மனநிலைகளுக்கு உரியவை, உடல் நோய்க்கு அல்ல. தெரிந்த ஒன்றைக் கண்டு பயம் என்றால் மிமுலஸ். காரணம் சொல்லத் தெரியாத பயத்துக்கு ஆஸ்பென். தன்மேலேயே பழி போட்டுக்கொண்டால் பைன். பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று பதறினால் ரெட் செஸ்ட்நட். விடாமல் சுற்றும் நினைப்புக்குத்தான் என்னுடைய வொயிட் செஸ்ட்நட்.

பாட்ச் முதன்முதலில் 1928-ல் எடுத்த சில பூக்களில் ஒன்று இம்பேஷன்ஸ், பொறுமையில்லாதவர்களுக்கு. அது பிரிட்டனின் சொந்தச் செடியே இல்லை. இமயமலையிலிருந்து தோட்டத்துக்காகக் கொண்டுபோய், பின்பு ஆற்றங்கரையெல்லாம் பரவிய செடி. நம் வீட்டுக் காசித்தும்பையின் சொந்தக்காரி. காசித்தும்பைக் காயை லேசாகத் தொட்டதும் பட்டென்று வெடிக்குமே, அதே குணம் அதற்கும் உண்டு. ஆகஸ்ட் மாதத்தில் என்னிடம் ப்ரூஃப் கொண்டுவரும் பையனைக் கேட்டால் அந்த வெடிப்பைப் பற்றி விவரமாகச் சொல்வான்.

சரி, பலன் என்ன? வேலைப் புத்தி, ஒரு நோட்டில் கணக்கு வைத்தேன். ஆரம்பத்தில் வாரத்துக்கு ஐந்து இரவு விழிப்பு. மூன்று வாரம் நான்கு உருண்டை வீதம் தினம் நான்கு வேளை போட்ட பிறகு இரண்டு. எனக்கு ஒரே சந்தோஷம், தெருவில் பத்துப் பேருக்குச் சொன்னேன். பிறகுதான் உறைத்தது: நான் ஆரம்பித்ததே சீசன் முடிகிற நேரத்தில். கார்த்திகை பிறந்தால் மருந்து இல்லாமலும் தூக்கம் வரத்தானே செய்யும்? எனவே 2019-ல் ஆடியிலேயே தொடங்கினேன். வாரத்துக்கு மூன்று இரவு விழிப்பு வந்தது. மோசமில்லை.

அடுத்த சீசனில் ஒரு கூத்து. கடையில் கலந்து வாங்குவதைவிட, திரவக் குப்பியும் வெறும் உருண்டைப் பொட்டலமும் தனித்தனியாக வாங்கி நானே சொட்டு விட்டுக் குலுக்கிக்கொள்வது மலிவாக இருந்தது. ஒருநாள் குப்பி காலியாக இருப்பதைப் பார்த்த வீட்டுக்காரர், உதவி செய்கிறேன் என்று பொட்டலத்திலிருந்து அப்படியே நிரப்பி வைத்துவிட்டார். பத்தொன்பது நாள் வெறும் சர்க்கரையைச் சாப்பிட்டிருக்கிறேன். நோட்டை எடுத்துப் பார்த்தால் அந்த நாட்களிலும் அதே கணக்கு, வாரத்துக்கு இரண்டு, மூன்று. அவரைத் திட்டுவதா நன்றி சொல்வதா என்று தெரியவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. எக்ஸிட்டர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் இந்த மருந்துகளைப் பற்றி நடந்த சோதனைகளைத் தொகுத்து 2010-ல் வெளியிட்டார். மருந்து போலவே இருந்தாலும் உள்ளே மருந்து இல்லாத வெற்று மருந்தோடு ஒப்பிட்ட எந்தச் சோதனையிலும் மலர் மருந்து அதைவிட மேல் என்று நிரூபணம் ஆகவில்லை.

அப்படியானால் எனக்கு வித்தியாசம் தெரிந்தது பொய்யா? இரண்டு மணிக்கு எழுந்தால் குப்பியைத் திறக்கும் முன் நோட்டில் ஒரு வரி எழுதுவேன். இப்போது இருப்பது பயமா, சந்தேகமா, போன மாதம் விட்ட பிழையின் உறுத்தலா? முன்பெல்லாம் எனக்கு இருந்தது ஒரே சொல், 'டென்ஷன்'. 38 பெயரைப் படித்த பிறகு அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை இருந்தது என்று பார்க்க முடிந்தது. நிறைய இரவுகளில் அது ஏகாதசியே இல்லை. முதலாளி சாயங்காலம் முகம் கொடுத்துப் பேசாததுதான் காரணமாக இருக்கும். அதை எழுதி முடிக்கும்போதே பாதி வேகம் இறங்கிவிடும். ஏகாதசிதான் என்றால் தேதியைக் குறித்து வைத்து, காலையில் முதல் வேலையாக அந்தத் தாளைப் பார்ப்பேன். உருண்டை அதற்கு அப்புறம்தான்.

பெயர் வைக்கிற இதே பழக்கம் 2021-ல் என்னைக் குப்புறத் தள்ளவும் செய்தது. எந்நேரமும் அசதி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். நானே 'ஆலிவ்' என்று முடிவு கட்டினேன். களைத்து ஓய்ந்தவர்களுக்கான மருந்து அது. கேட்ட மலர் ஆலோசகரும் ஆமாம் என்றார். ஒன்றரை மாதம் சாப்பிட்டேன். கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.2, ரத்த சோகை. மாதவிடாய்ப் போக்கு அதிகமாக இருந்ததை நான் யாரிடமும் சொல்லவே இல்லை. டாக்டர் திட்டியது நியாயம்தான். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் ஆலிவின் அத்தனை அறிகுறியும் காணாமல் போனது. உடம்பு சம்பந்தமாக எது இருந்தாலும் முதலில் பரிசோதனை. வாரக்கணக்கில் மனசு எழவே மாட்டேன் என்கிறது என்றாலும் டாக்டர்தான். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை இதை நம்பி நிறுத்தச் சொன்னால் அந்த வாசலை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயம். திரவத்தில் மது உண்டு. குழந்தைக்கும் குடியை விட்டவருக்கும் வேண்டாம். உருண்டை முழுக்கச் சர்க்கரை. நாள் முழுக்க நாலு நாலாகப் போடுகிற நீரிழிவுக்காரர்கள் அதையும் கணக்கில் வைக்கவேண்டும். ஐந்து பூ சேர்ந்த ரெஸ்க்யூ ரெமெடியின் இறக்குமதிக் குப்பி, உள்ளூர்க் குப்பியைப் போலப் பல மடங்கு விலை. ஒருமுறை வாங்கினேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

கோயம்புத்தூரில் படிக்கும் மகன் இப்போதெல்லாம் நான் மூன்றாவது தடவை போன் அடித்தால், "என்னம்மா, ரெட் செஸ்ட்நட்டா?" என்கிறான். சிரித்துவிட்டு வைத்துவிடுவேன்.

என் மேஜை இழுப்பறையில் இப்போது இரண்டு குப்பி இருக்கிறது. ஒன்றில் மருந்து விட்டது, இன்னொன்று வெறும் உருண்டை. லேபிள் ஒட்டவில்லை. எது எது என்று வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். ஆடிப்பெருக்கு வரை சொல்லக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.