காந்தம் ஒட்டாததெல்லாம் எஸ்.எஸ். அல்ல: சில்லர் கருவியைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

கடல்நீர்ப் பவளத்தொட்டி வைத்திருப்பவர்கள், தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியைப் பழுதுபார்க்கக் கொடுத்துத் திரும்ப வாங்கினால், தண்ணீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் உள்ள இணைப்பான்களைக் கழற்றிப் பார்த்த பிறகே தொட்டியோடு இணைக்க வேண்டும். நான் வேலை கொடுத்த பழுதுபார்ப்பு நிலையம், உடைந்துபோன பிளாஸ்டிக் இணைப்பான்களுக்குப் பதிலாகக் குரோமிய முலாம் பூசிய பித்தளையைப் பொருத்திவிட்டு, பில்லில் ‘எஸ்.எஸ். ஃபிட்டிங்’ (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதாவது துருப்பிடிக்காத எஃகு இணைப்பான்) என்று எழுதிக் கொடுத்தது. சில்லருக்குள் கடல்நீர் படும் சுருள்குழாய் டைட்டானியத்தால் ஆனது. அதற்காகத்தான் கூடுதல் விலை கொடுத்து அதை வாங்குகிறோம். அதன் இரு முனைகளிலும் விரல் நீளம்கூட இல்லாத பித்தளைத் துண்டுகளை மாட்டினால் கொடுத்த காசு வீண். டைட்டானியத்தைத் தொட்டபடி கடல்நீரில் நின்றால், பித்தளை தனியாக இருப்பதைவிட வேகமாக அரிக்கப்படும்; அதிலுள்ள செம்பு தொட்டித் தண்ணீரில் கலக்கும்.

முதலில் காட்டிக்கொடுத்தவை நத்தைகள். கண்ணாடியில் ஒட்டிப் பாசி மேய்ந்துகொண்டிருந்தவை பிடி விட்டு மணலில் மல்லாந்து விழுந்தன. நிமிர்த்தி வைத்தாலும் ஊர்ந்து போகவில்லை. அடுத்து, சுத்தம் செய்யும் இறால் தோலுரிக்கும்போதே இறந்தது. பவளங்களின் பாலிப்புகள் (பவளத்தின் சின்னஞ்சிறு உயிருடல்கள்) விரியாமல் உள்ளிழுத்துக்கொண்டன. கிளைப் பவளம் ஒன்றில் அடிப்பகுதியிலிருந்து திசு உரிந்து வெள்ளை எலும்புக்கூடு தெரியத் தொடங்கியது. மீன்கள் மட்டும் எதுவுமே நடக்காததுபோல் இரை எடுத்தன. இதைச் சொன்னதும் நிலையத்தார் பிடித்துக்கொண்ட வாதம், “மீன் நல்லாத்தானே சார் இருக்கு, உப்பு அளவைப் பாருங்க” என்பதுதான்.

மீன் பிழைப்பது தண்ணீரில் செம்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது. வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருத்துவத் தொட்டியில் லிட்டருக்கு 0.15 முதல் 0.25 மில்லிகிராம் வரை அயனிச் செம்பு கலந்தே மீன்களுக்குச் சிகிச்சை அளிக்கிறோம். அதே அளவு முதுகெலும்பற்ற உயிர்கள் பலவற்றைக் கொன்றுவிடும். (இறாலின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனினில் இருப்பதும் செம்புதான், ஆனாலும் தண்ணீரில் அது கொஞ்சம் கூடினால் இறாலால் தாங்க முடிவதில்லை.) திறந்த கடலில் செம்பின் அளவு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு.

நிலையத்தார் முன்வைத்த அடுத்த ‘சான்று’, செம்பு சோதிக்கும் கிட். அவர்கள் கண்ணெதிரே சோதித்தும் நிறம் மாறவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கிட்டுகளில் பெரும்பாலானவை மருத்துவத் தொட்டியின் அளவைக் கணக்கிடத் தயாரிக்கப்பட்டவை; லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் அளவிலான செம்பு அவற்றின் கண்ணுக்குப் படாது. தண்ணீரில் கரைந்த தனிமங்களை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் ஐ.சி.பி. சோதனைக்கு ஆய்வகத்துக்கு அனுப்பிய பிறகுதான் செம்பும் துத்தநாகமும் சேர்ந்தே உயர்ந்திருப்பது தெரிந்தது. இரண்டும் கூடவே ஏறியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பித்தளையை, ஏனென்றால் பித்தளை என்பதே அவ்விரண்டின் கலவை.

அறிக்கையைக் காட்டியபோது, இணைப்பானில் காந்தத்தை வைத்து “பாருங்க, ஒட்டல, எஸ்.எஸ்.தான்” என்றார்கள். இந்தச் சோதனையை நம்பி ஏமாறுபவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: 304, 316 எஃகு வகைகளில் காந்தம் அவ்வளவாக ஒட்டாது என்பது சரிதான், ஆனால் பித்தளையிலும் செம்பிலும் டைட்டானியத்திலும்கூட ஒட்டாது. மேலும், உண்மையிலேயே 304 எஃகாக இருந்தாலும் எனக்கு அது வேண்டாம். கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு இருப்பதால் அதில் குழிக்குழியாக அரிப்பு விழும். மாலிப்டினம் சேர்ந்த 316 வகை ஓரளவு தாங்கினாலும், மரை இடுக்குகளில் அதுவும் துருப்பிடிக்கும்.

கழற்றிய இணைப்பானின் வெளிப்புறம் கடைசிவரை பளபளவென்றுதான் இருந்தது. கத்தி முனையால் கீறியதும் முலாமுக்கு அடியில் மஞ்சள் தெரிந்தது. தண்ணீர் ஓடிய உட்சுவரில் முலாமே இல்லை. அங்கே மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்புத் திட்டுகள் இருந்தன, நகத்தால் சுரண்டினாலே பொடியாக உதிர்ந்தன. துத்தநாகம் கரைந்து வெளியேறிய பிறகு எஞ்சும் நுண்துளைச் செம்பு அப்படித்தான் இருக்கும். அந்த இடத்தைக் காட்டிய பிறகு காந்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது இரு முனைகளிலும் பி.வி.சி. இணைப்பான்கள் உள்ளன. தண்ணீரைப் பகுதி பகுதியாக மாற்றி, கரித்தூளோடு உலோகம் பிடிக்கும் பிசினும் போட்டு, ஐ.சி.பி. சோதனையைத் திரும்பச் செய்துவருகிறேன். சுண்ணாம்புப் பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல வெளிவிடக்கூடும் என்பதால், ஒரு சோதனை சரியாக வந்ததும் புது இறால் வாங்கி விடுவதாக இல்லை.

நிலையத்தார் இணைப்பான்களின் விலையை மட்டும் திருப்பித் தருவதாகச் சொல்கிறார்கள். இறந்த உயிர்களுக்கும் ஆய்வகச் செலவுக்கும் பொறுப்பில்லையாம். நான் அதை ஏற்கவில்லை. ‘எஸ்.எஸ்.’ என்று எழுதிய பில்லும் கீறிய இணைப்பானும் ஆய்வக அறிக்கையும் என்னிடம் இருக்கின்றன, அவற்றை வைத்து எழுத்துப்பூர்வமாகப் புகார் அளித்திருக்கிறேன். உங்கள் சில்லருக்கும் இப்படி ‘எஸ்.எஸ். ஃபிட்டிங்’ போட்டுத் தந்திருந்தால், உட்புறத்தைக் கீறிப் பார்த்துவிட்டு, என்ன உலோகம், எந்தத் தரம் என்பதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.