சார்ட்டட்டிக்ட்: வரிசை கலையாத பைத்தான் டிக்ஷனரி

பைத்தான் நிரல்மொழியில் டிக்ஷனரி என்பது ஒவ்வொரு மதிப்பையும் ஒரு கீயோடு, அதாவது அதைத் தேடி எடுக்க உதவும் அடையாளத்தோடு, சேமிக்கும் அமைப்பு. பைத்தான் 3.7 முதல் அது கீகளைச் சேர்த்த வரிசையிலேயே வைத்திருக்கிறது. அந்த வரிசை ஏறுவரிசை அல்ல. ஒரே ஒரு முறை வரிசைப்படுத்தி அச்சிடுவதற்குப் பைத்தானோடு வரும் சார்ட்டட் ஃபங்ஷனே போதும். வேறெதையும் நிறுவ வேண்டாம். கீகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும்போதுதான் சிக்கல். வரிசைப்படுத்திப் புது டிக்ஷனரி கட்டினாலும், அடுத்து நுழையும் கீ கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். லட்சம் கீகளை ஒவ்வொரு முறையும் மறுபடி சார்ட் செய்வது கட்டுப்படியாகாது.

அந்த இடத்துக்கு ஏற்றது சார்ட்டட்கன்டெய்னர்ஸ் லைப்ரரியின் சார்ட்டட்டிக்ட். முழுக்கப் பைத்தானிலேயே எழுதப்பட்டதால், பைத்தானின் நிறுவல் கருவியான பிப் மூலம் நிறுவும்போது சி கம்பைலர் கேட்காது. உள்ளே ட்ரீ எனப்படும் கிளை கிளையான தரவமைப்பு எதுவும் இல்லை. மதிப்புகள் வழக்கமான டிக்ஷனரியில் இருக்க, கீகள் மட்டும் தனியே சிறு சிறு லிஸ்ட்களில் வரிசையாக நிற்கின்றன. ஒரு லிஸ்டில் கீகள் 2000-ஐத் தாண்டினால் இரண்டாகப் பிரியும். 500-க்குக் கீழே இறங்கினால் பக்கத்து லிஸ்டோடு சேரும். ஆகவே கீயைக் கொடுத்து மதிப்பை எடுக்கும் வேகம் குறைவதில்லை. புதுக் கீ சேர்ப்பது மட்டும் சாதாரண டிக்ஷனரியைவிட மெதுவாக நடக்கும், நினைவகமும் கொஞ்சம் கூடும்.

இதன் உண்மையான பலம், இரு எல்லைகளுக்குள் அடங்கும் கீகளைத் தரும் ஐரேஞ்ச் என்ற மெத்தட். நேரத்தைக் கீயாக வைத்தால், இரண்டு நேரங்களுக்கு இடைப்பட்டவற்றை மட்டும் மொத்தத்தையும் துழாவாமல் எடுக்கலாம். மேல் எல்லையை விட்டுவிடும் பைத்தானின் சாதாரண ரேஞ்ச் போல நினைத்துவிடாதீர்கள்: இங்கே மேல் எல்லையும் சேர்ந்தே வரும். குறிப்பிட்ட இடத்தில் உள்ளதை எடுக்கும் பீக்ஐட்டமும் எதிர்பார்ப்புக்கு மாறானதுதான், இட எண் கொடுக்காவிட்டால் கடைசிக் கீயையும் அதன் மதிப்பையும் தரும். முதல் கீ வேண்டுமென்றால் 0 கொடுக்க வேண்டும்.

லூப் ஓடும்போதே கீயை நீக்குவது ஆபத்து. சாதாரண டிக்ஷனரி உடனே பிழை காட்டி நின்றுவிடும். இதுவோ சத்தமில்லாமல் சில கீகளைத் தவறவிடலாம். முதலில் கீகளை ஒரு லிஸ்டாக நகலெடுத்து, அதன்மேல் லூப் ஓட்டுங்கள். கீகளில் எண்ணும் எழுத்துச்சரமும் கலந்தால், வகை பொருந்தாததைச் சொல்லும் டைப்எரர் என்ற பிழை வரும், அது நல்லதுதான். நேன் (NaN, ‘எண் அல்ல’ என்பதைக் குறிக்கும் மதிப்பு) கீயாக நுழைந்தால் பிழையே வராது, வரிசைதான் கெடும்.

தமிழ்ச் சொற்கள் கீகளாக இருந்தால் வரிசை யூனிகோடு எண்ணின்படி அமையும். அதில் வ-வுக்கு முன்பே ழ வருவதால் ‘கழுகு’ முதலிலும் ‘கவிதை’ பிறகும் நிற்கும். அகரவரிசையில் இது தலைகீழ். புள்ளி வைத்த மெய்யும் உயிர்மெய்க்குப் பின்னே தள்ளப்படும். எழுத்துகளுக்கு இட எண் தரும் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, சார்ட்டட்டிக்டை உருவாக்கும்போதே முதல் ஆர்க்யுமெண்டாகக் கொடுத்தால் சரியாகிவிடும். அந்த ஃபங்ஷனுக்குக் கீ மட்டும்தான் போகும். மதிப்பைப் பார்த்து வரிசைப்படுத்த இதில் வழியில்லை.