எச்.எல்.7, ஃபயர், ஓப்பன் ஈ.எச்.ஆர்.: எதை எங்கே வைப்பது?

மின்னணு மருத்துவப் பதிவேட்டை மாற்றும்போது எல்லோரும் திரையைத்தான் பார்க்கிறார்கள். அடி விழுவதோ இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் இடத்தில். அங்கே தரவை அனுப்பவும் சேமிக்கவும் இருக்கும் எச்.எல்.7, ஃபயர், ஓப்பன் ஈ.எச்.ஆர். என்ற தரநிலைகளை எடைபோட ஒரே ஒரு இரத்தச் சர்க்கரை முடிவை அனுப்பிப் பார்த்தால் போதும்.

எச்.எல்.7 பதிப்பு 2. 1980களின் கடைசியில் வந்தது. ஆய்வக மென்பொருள்கள் இன்றும் பெரும்பாலும் பேசுவது இதைத்தான். முடிவு, செய்தியில் ஓ.பி.எக்ஸ். என்று தொடங்கும் வரியில் வரும்: 3ஆம் புலத்தில் சோதனை, 5இல் மதிப்பு, 6இல் அலகு. ஆறாவது காலியாக இருந்தாலும் செய்தி தடையின்றிப் போய்ச் சேர்ந்துவிடும், அதுதான் ஆபத்து. லிட்டருக்கு 7 மில்லிமோல் என்பது டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம். அலகில்லாத 7ஐ வாங்கும் மென்பொருள் மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டால், திரையில் தெரிபவர் சர்க்கரை அடியோடு குறைந்து உயிருக்குப் போராடும் நோயாளி. போதாக்குறைக்கு, இசட் என்று தொடங்கும் வரிகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளலாம். அவற்றின் பொருள் எழுதியவருக்கு மட்டுமே தெரியும்.

ஃபயர். இணைய வழியில் தரவைப் பரிமாறும் எச்.எல்.7இன் புதிய தரநிலை. 2011இல் முன்மொழியப்பட்டது, 4ஆம் வெளியீடு 2018 டிசம்பரில். இணையத்தில் பழகிய நிரலாளர் சில நாளிலேயே கற்றுக்கொள்வார். கைபேசிச் செயலிக்கும் புதிய இணைப்புகளுக்கும் இதைத்தான் எடுப்பேன். ஆனால் "ஃபயர் ஆதரவு உண்டு" என்ற விற்பனைப் பேச்சை நம்ப வேண்டாம். 4ஆம் வெளியீட்டின் அடிப்படை 'அப்சர்வேஷன்', அதாவது சோதனை முடிவைத் தாங்கும் படிவம், கட்டாயமாகக் கேட்பது முடிவின் நிலை (இறுதியானதா இல்லையா), சோதனையின் குறியீடு இரண்டை மட்டுமே. முடிவு எந்த நோயாளியுடையது என்பதுகூடக் கட்டாயமில்லை! நோயாளி, மதிப்பு, அலகு எல்லாவற்றையும் கட்டாயமாக்கும் 'புரொஃபைல்' (கூடுதல் விதித்தொகுப்பு) எது, அதற்கெதிராகச் சரிபார்த்த அறிக்கை எங்கே என்று கேளுங்கள்.

ஓப்பன் ஈ.எச்.ஆர். மற்ற இரண்டும் தரவை அனுப்பும் தபால் என்றால் இது அதைச் சேமித்து வைக்கும் பெட்டகம். இரத்த அழுத்தத்துக்கான 'ஆர்க்கிடைப்' (எதையெல்லாம் பதியலாம் என்ற மாதிரி வரையறை) கையில் சுற்றும் பட்டையின் அளவு, நோயாளி அமர்ந்திருந்தாரா படுத்திருந்தாரா என்பதற்கெல்லாம் இடம் வைத்திருக்கிறது. மென்பொருள் மாறினாலும் தரவின் பொருள் மாறாது. விலை? எந்தப் படிவத்தில் எதைப் பதிவது என்ற வார்ப்புருக்களை முடிவுசெய்ய மருத்துவர்கள் வாரக்கணக்கில் உட்கார வேண்டும், தெரிந்த ஆட்களும் குறைவு. சின்ன கிளினிக்குக்கு இது தேவையில்லை.

எதை எடுத்தாலும் லாயிங்க் (ஒவ்வொரு ஆய்வகச் சோதனைக்கும் பொதுவான எண் தரும் பட்டியல்) குறியீட்டு வேலை தப்பாது. இரத்த நீரில் சர்க்கரையை எடையாக அளந்தால் 2345-7, மோலாக அளந்தால் 14749-6. விரல்நுனி இரத்தத்துக்கு வேறு எண். ஆய்வகமோ எல்லாவற்றையும் 'குளுக்கோஸ்' என்றே எழுதி வைத்திருக்கும். அதிகம் கேட்கப்படும் சோதனைகளில் தொடங்கி, மாதிரி வகையையும் அலகையும் ஆய்வக நுட்புநரிடம் கேட்டே பொருத்துங்கள். பெயரை மட்டும் பார்த்துத் தகவல்நுட்பத் துறையே பொருத்திய பட்டியலைப் பின்னால் திருத்துவது இரட்டை வேலை, ஏனென்றால் அதற்குள் தவறான குறியீட்டோடு பழைய முடிவுகள் சேர்ந்துவிட்டிருக்கும்.